குறைந்தார்களா, குறைத்தார்களா?

இரண்டு வாரங்களுக்கு முன்பு நம் தளத்துக்கு ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் நீலகிரியில் வாழும் இளம் தோழர். இலங்கை மலையகத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. தேயிலைத் தோட்டத்து வீடுகள், சாதிச் சான்றிதழுக்காக அலைந்தது, 'சிலோன்காரங்க' என்று பள்ளியில் தள்ளி வைக்கப்பட்டது என்று பட்டதை எல்லாம் நேர்த்தியாக எழுதியிருந்தார். நடுவில் ஒரு வரி: '1971க்கும் 1981க்கும் இடையே மலையகத் தமிழரின் மக்கள்தொகை பெரும் சரிவைக் கண்டது.'

அந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. சரிவைக் கண்டது என்றால் யார் கண்டது? மக்கள்தொகைக்குக் கண் உண்டா? வரியை அடித்துவிட்டு, 'அந்தப் பத்தாண்டுகளில் மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர்' என்று மாற்றி அவருக்கு அனுப்பினேன். அன்றிரவே தொலைபேசியில் அழைத்தார். "தோழர், நான் புள்ளிவிவரம் எழுதினேன். நீங்க அதை எடுத்துட்டு அரசியலை வெச்சிட்டீங்க. சரிவுங்கிறது நடுநிலையான சொல்தானே?" என்றார்.

அரை மணி நேரம் பேசினோம். அன்று கோவையாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, தொலைக்காட்சி விவாதங்களில் அன்றாடம் 'மக்கள்தொகைச் சரிவு' என்று கேட்டுக்கொண்டிருக்கும் நம் எல்லோருக்கும் இதில் சங்கதி இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பள்ளிக்கூட இலக்கணம். பொறுத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் உயர்திணை. இறந்தார்கள், போனார்கள், துரத்தப்பட்டார்கள் என்று எழுதுவோம். அதே மனிதர்களைக் கூட்டிக் கட்டி 'மக்கள்தொகை' என்று ஒரு மூட்டையாக்கிவிட்டால் அது அஃறிணை ஆகிவிடுகிறது. சரிந்தது, குறைந்தது, வீழ்ந்தது என்று விலைவாசிக்கும் அணையின் நீர்மட்டத்துக்கும் போடுகிற வினையையே அதற்கும் போடலாம். நூற்றாண்டுகளாக அஃறிணையைப் போல நடத்தப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போது இந்த இலக்கணம் எனக்கு உறுத்துகிறது.

அடுத்தது வினை. குறைந்தது என்பது தன்வினை, தானாக நடந்தது. குறைத்தார்கள் என்பது பிறவினை. செய்தவன் ஒருவன் இருக்கிறான். தமிழில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒற்றெழுத்து அளவுதான் தூரம், ஆனால் ஒரு கொலையையே அதில் மறைத்துவிடலாம். நம் கிராமத்துப் பேச்சு இதில் தெளிவாக இருக்கிறது. 'குடி கெட்டது' என்பார்கள். உடனே 'குடியைக் கெடுத்தவன் எவன்?' என்றும் கேட்பார்கள். 'ஊர் பாழாய்ப் போச்சு' என்றால் பாழாக்கியவனுக்கு ஒரு வசவும் கூடவே வரும். அலுவலகத் தமிழில்தான் வசவும் இல்லை, ஆளும் இல்லை.

(குடி என்ற சொல்லைத் தொட்டதால் ஒன்று. அரசமைப்புச் சட்டம் நம் எல்லோரையும் குடிமக்கள் என்கிறது. எங்கள் பக்கத்து ஊர்களில் இன்றும் 'குடிமகன்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டியவர் முடிதிருத்தும் தொழிலாளி. ஒரு சொல் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் அதற்குப் பொருள் சொல்ல முடியாது.)

ஆங்கிலத்தில் இதற்கு 'டிபாப்புலேஷன்' என்று ஒரு சொல் உண்டு. இன்று அதையும் எண்ணிக்கை குறைதல் என்ற பொருளில்தான் நாளிதழ்கள் பயன்படுத்துகின்றன. அதன் லத்தீன் மூலத்துக்குப் பொருள் சூறையாடுதல், நாட்டைப் பாழாக்குதல். படை புகுந்து ஊரை அழிக்கும் வினை அது. படையெடுத்தவன் காலப்போக்கில் சொல்லிலிருந்து நழுவிவிட்டான். காலியான ஊர் மட்டும் மிஞ்சியது.

என் ஊர் பழைய சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. பாட்டிக்குப் படிப்பு கிடையாது, ஆனால் பசி என்று யாராவது முனகினால் 'தாது வருசத்துப் பஞ்சமா வந்திருச்சு?' என்பாள். 1876 முதல் 1878 வரை நடந்த அந்தப் பஞ்சத்தை அவளோ அவள் அம்மாவோ பார்த்ததில்லை. சொல் மட்டும் கைமாறி வந்திருக்கிறது. பின்னாளில் மாவட்டக் கணக்குகளைப் புரட்டியபோதுதான் அந்தச் சொல்லுக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரிந்தது. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் ஏறத்தாழ 16 லட்சம். பத்தாண்டில் பிறந்தவர்களை எல்லாம் சேர்த்த பிறகும் 3 லட்சத்து 67 ஆயிரம் குறைகிறது. ஐந்து பேர் இருந்த வீட்டில் ஒருவர் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இது சராசரி. சேரிக்குச் சராசரி பொருந்தாது.

மழை பொய்த்தது உண்மை. மழை பெய்யாததற்கு வெள்ளைக்காரனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 1877 ஜனவரியில் டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கத் தர்பார் நடத்தியது வைஸ்ராய் லிட்டன். அதே மாதம் பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்கச் சென்னைக்கு அனுப்பப்பட்டவர் ரிச்சர்ட் டெம்பிள். நாளெல்லாம் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதும் என்று அவர் முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதில் உயிர் நிற்காது என்று எதிர்த்து எழுதினார். அந்த ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. உள்ளூர்க் களஞ்சியங்களில் தானியம் வைத்திருந்தவர்கள் விலை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். ஆண்டு முழுக்கப் பண்ணையில் உழைத்த படியாளுக்கு அளந்துவந்த படியை நிறுத்தினால் அவன் எங்கே போவான்? நிலம் இல்லாத பறையரும் சக்கிலியரும், தறி நின்றுபோன நெசவாளரும்தான் கஞ்சித் தொட்டிக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தார்கள். இதை 'மக்கள்தொகை குறைந்தது' என்று எழுதும் கைக்கு டெம்பிளும் தெரிவதில்லை, களஞ்சியக்காரரும் தெரிவதில்லை.

கஞ்சித் தொட்டிக்குப் போகாதவர்களில் ஒரு பகுதி கங்காணியின் பின்னால் போனது. பஞ்சம் நடந்த 1876, 1877 ஆண்டுகளில் ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இலங்கைக்குக் கடல் தாண்டினார்கள். சேலம், திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளின் நிலமற்ற மக்கள். அவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். அழைத்துப்போன கங்காணிகளில் பலர் சாதி இந்துக்கள். சேரியும் ஊரும் அப்படியே தோட்டத்து லயங்களுக்குப் பெயர்ந்தன. சேலம் கணக்கில் 'குறைந்த' ஆட்களில் சிலர் இப்படித்தான் கண்டியிலும் ஹட்டனிலும் கூடினார்கள். காப்பித் தோட்டம், பிறகு தேயிலைத் தோட்டம்.

எழுபது ஆண்டு கழித்து அவர்களை மறுபடியும் குறைத்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு நாடாளுமன்ற இடங்களை வென்றது. தோட்டத் தொழிலாளியின் வாக்குக்கு இவ்வளவு வலுவா என்று டி.எஸ். சேனநாயக்க அரசு பயந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளி, பெற்றோரை அங்கேயே புதைத்தவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். ஆட்கள் அப்படியே இருந்தார்கள். குடி மட்டும் இல்லை.

பிறகு 1964 அக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். எண்களின் முடிவில் இருக்கும் சுழிகளைப் பாருங்கள். நெல் மூட்டை பங்கு போடும்போதுகூட ஒன்றிரண்டு படி சில்லறையாக நிற்கும். இங்கே மனிதர்கள் துல்லியமாக ஆயிரம் ஆயிரமாகப் பிரிகிறார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இலங்கைக் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' என்ற தலைப்பின் கீழ் 1971இல் 11.75 லட்சம் பேர். 1981இல் 8.19 லட்சம். நாட்டு மக்களில் 9.3 விழுக்காடாக இருந்தவர்கள் 5.5 விழுக்காடு ஆனார்கள். தோழர் எழுதிய 'பெரும் சரிவு' இதுதான். மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு வந்த கப்பலையும் மண்டபம் முகாமையும், முன்பின் பார்த்திராத 'தாயகத்தில்' கால் வைத்த பெண்களையும் அந்த ஒரு சொல் விழுங்கிவிட்டது. எண் குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே தங்கியவர்களில் ஒரு பகுதியினர் கணக்கெடுப்பில் 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்தார்கள். 'இந்திய' என்ற ஒட்டு மறுபடி எந்தக் கப்பலில் ஏற்றுமோ என்ற அச்சத்தில் எடுத்த முடிவு அது. அவர்கள் சாகவும் இல்லை, போகவும் இல்லை. கட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். புள்ளிவிவரத்துக்கு மூன்றும் ஒன்றுதான்.

இனி இந்தச் சொல்லின் இன்னொரு பக்கம். இதுவரை பார்த்த இடங்களில் குறைக்கப்பட்டவர்கள் பேசவில்லை. குறையாதவர்கள் 'ஐயோ குறைகிறோமே' என்று அலறிய கதையும் ஒன்று உண்டு.

1909இல் கல்கத்தாவில் யு.என். முகர்ஜி என்ற மருத்துவத் துறை அதிகாரி 'சாகும் இனம்' என்ற பொருளில் ஒரு தொடர் எழுதினார். 1872 முதல் நடந்த கணக்கெடுப்புகளை வைத்து வங்காளத்தில் இந்துக்களின் விகிதம் இறங்குகிறது, இப்படியே போனால் 420 ஆண்டுகளில் இந்துவே இருக்க மாட்டான் என்றார். 'அழிகிறோம்' என்ற சொல் அங்கிருந்து பரவியது. 1926இல் சுவாமி சிரத்தானந்தர் தம் நூலின் தலைப்பிலேயே அதைப் பொறித்தார். சாகும் இனத்தைக் காக்க வந்தது இந்து சங்கடன் என்றார்.

முகர்ஜி எழுதிய மறு ஆண்டே கணக்கெடுப்பு ஆணையர் கெய்ட் ஒரு சுற்றறிக்கை விட்டார். இந்து என்று எழுதப்படுகிறவர்களில் பார்ப்பனரின் மேலாண்மையை ஏற்காதவர் யார், வேதத்தை ஏற்காதவர் யார், கோயிலுக்குள் விடப்படாதவர் யார், தொட்டாலோ அருகில் வந்தாலோ தீட்டு என்று சொல்லப்படுகிறவர் யார், பிணத்தைப் புதைப்பவர் யார், மாட்டிறைச்சி உண்பவர் யார் என்று தனியே குறிக்கச் சொன்னார். 1948இல் வெளிவந்த தீண்டப்படாதார் பற்றிய நூலில் அண்ணல் அம்பேத்கர் இந்தச் சோதனைகளை எடுத்து விரிவாகப் பேசுகிறார். கேள்விகள் எளியவை. பதில் சொல்லும் சங்கடம்தான் பெரிது. கோயில் வாசலில் தடுத்து நிறுத்துகிறவன், தடுக்கப்பட்டவனை இந்து என்று எழுதாவிட்டால் தன் எண்ணிக்கை குறைந்துவிடும் என்று பதறுகிறான். உள்ளே விட முடியாது, கணக்கில் விடவும் முடியாது. எங்கள் தலை அவர்களுக்கு எண்ணுவதற்கு மட்டும் வேண்டியிருந்தது.

அயோத்திதாசப் பண்டிதர் இதை அன்றே பிடித்துக்கொண்டார். தம் மக்களைச் சாதிபேதமற்ற திராவிடர் என்றும் பௌத்தர் என்றும் பதியச் சொன்னார். கணக்கெடுப்புத் தாளை ஒரு போராட்டக் களமாகப் பார்த்தவர்களில் அவர் முன்னோடி. அவர் சொன்னபடி பதிந்தவர்கள் 'இந்து மக்கள்தொகைச் சரிவு' என்ற கணக்கில் வருவார்கள். அவர்களுக்கு அது சரிவா? கால்விலங்கு கழன்றதைச் சரிவு என்றா சொல்வது?

நூறாண்டுக்குப் பிறகும் பாட்டு மாறவில்லை. 2024 டிசம்பர் 1 அன்று நாக்பூரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பகவத் பிறப்பு விகிதம் 2.1க்குக் கீழே போனால் சமூகம் அழிந்துவிடும், மூன்று பிள்ளையாவது வேண்டும் என்றார். சேரிப் பையனைக் காதலித்ததற்காகப் பெற்ற மகளையே கொல்கிற வீடுகள் இருக்கும் நாட்டில், சமூகம் எதனால் அழிகிறது என்று அவர் சொல்லவில்லை.

எங்கள் மாவட்டத்திலேயே ஒரு சொல் இருக்கிறது: 'பொண்ணு கிடைக்கலை.' நிலமும் போர்வெல்லும் உள்ள வீடுகளில் முப்பத்தைந்து வயதுப் பையன்கள் கல்யாணம் ஆகாமல் இருக்கிறார்கள். சாதிச் சங்க மாநாடுகளில் இதற்குத் தீர்மானம்கூடப் போடுகிறார்கள். கிடைக்கலை! மழை கிடைக்கலை, உரம் கிடைக்கலை என்பது போல. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு முதலில் தொடங்கிய மாவட்டம் எங்களுடையது. கள்ளிப்பாலும் நெல்மணியும், பிறகு ஸ்கேன் சென்டரும் செய்த வேலை அது. அன்று செய்தவர்கள் இன்று 'கிடைக்கலை' என்கிறார்கள். அப்போதும் சாதி தாண்டிப் பெண் எடுக்க மனம் வருவதில்லை.

சரி, தமிழ்நாட்டில் இப்போது நடக்கும் பேச்சுக்கு வருவோம். 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகம் பிள்ளை பெறுங்கள் என்றார். சில நாட்களில் சென்னையில் ஒரு திருமண விழாவில் முதல்வர் மு.க. ஸ்டாலின், பதினாறும் பெறுக என்ற வாழ்த்தை இனிப் பிள்ளைகளுக்கே சொல்ல வேண்டிவரும் போலிருக்கிறது என்று பாதி வேடிக்கையாகச் சொன்னார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் புதுமணத் தம்பதியரிடம் உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அப்போது வேடிக்கை குறைந்திருந்தது. காரணம் தொகுதி மறுவரையறை.

அந்தக் கவலை நியாயமானது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 1976இல் 42ஆவது திருத்தம் நாடாளுமன்ற இடங்களை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்தது. 2001இல் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பின் நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அதற்கு முன்பே ஒருமுறை நாம் பட்டிருக்கிறோம். 1962இல் 41 உறுப்பினர்களை அனுப்பிய மாநிலம் 1967 முதல் 39 பேரைத்தான் அனுப்புகிறது. ஒன்றிய அரசு சொன்னபடி குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்த மாநிலத்துக்கு அதையே காரணமாக்கி இடத்தைக் குறைப்பது அநீதி. எதிர்க்கத்தான் வேண்டும்.

ஆனால் எந்தச் சொல்லால் எதிர்ப்பது? 'தமிழ்நாட்டின் மக்கள்தொகைச் சரிவு' என்று மேடையில் சொல்கிறார்கள். அப்படி ஒன்று இதுவரை எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லை. 2001இல் 6.24 கோடியாக இருந்தோம், 2011இல் 7.21 கோடி. குறைந்தது வளரும் வேகம். 2019-21 குடும்பநல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை. வேகம் குறைவதும் ஆள் குறைவதும் ஒன்றல்ல. பேருந்து மெதுவாகப் போவதைப் பின்னால் போகிறது என்று சொல்வோமா? இந்தப் பிழை சாதாரணப் பிழை இல்லை. 'சரிவு' என்றவுடன் பழி சொல்ல ஒரு ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் எப்போதும் பெண்தான்.

என் அம்மா தொலைக்காட்சியில் இந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு 1980களில், என் தங்கை பிறந்த சில மாதங்களில், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிற்று. முகாமுக்கு ஆள் கூட்டிப்போக ஜீப் எங்கள் தெருவுக்குத்தான் வந்தது. ஊர்த்தெருவில் அது நின்று நான் பார்த்ததாக நினைவில்லை. அப்போது பணியாளர்களுக்குத் தலைக்கணக்கில் இலக்கு இருந்தது. அந்த இலக்கு முறை கைவிடப்பட்டதே 1996இல்தான். யாரைப் பிடித்தால் கேள்வி வராது என்று ஜீப்புக்குத் தெரியும். வரிசையில் படுக்க வைத்தார்கள், காய்ச்சல் வந்தபோது திரும்பிப் பார்க்க ஆளில்லை. இதை அவள் கோபமாகச் சொல்வதுமில்லை. "இன்னொண்ணு பெத்திருந்தா நான் செத்திருப்பேன், அது நல்லதுதான்" என்பாள். எனக்கு எழுதுவதற்கு வசதியாக முழுப் பாதிக்கப்பட்டவளாக அவள் இருக்க மறுக்கிறாள். அன்று அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பெத்துக்காதேன்னு அப்ப ஜீப்பு வந்துச்சு. பெத்துக்கோன்னு இப்ப டிவில வருது. ரெண்டு வாட்டியும் என்னை யாரும் கேக்கலடா."

அதே குடும்பநல ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது ஆயிரத்துக்கு ஒன்று. 'தமிழ்நாடு மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியது' என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தத் தமிழ்நாடு யார் என்று இந்த எண்ணில் தெரிகிறது. சாதிவாரியாக, தெருவாரியாக யார் வயிற்றில் எவ்வளவு கத்தி பட்டது என்ற கணக்கும் வெளியே வர வேண்டும்.

பெரியார் 1930களிலேயே கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். நாட்டின் வறுமை, பெண்ணின் உடல்நலம், குடும்பச் செலவு என்று மற்றவர்கள் காரணம் அடுக்கியபோது, தம் காரணம் அவை அல்ல என்று பிரித்துச் சொன்னார். பெண் விடுதலைக்காக அது வேண்டும் என்றார். எண்ணிக்கைக்காகப் பேசுகிறவன் எண்ணிக்கை மாறினால் பேச்சையும் மாற்றிவிடுவான் என்பது இப்போது நம் கண் முன்னால் நடக்கிறது. 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு அரசு வசதி செய்ய வேண்டும் என்ற தீர்மானம் அம்பேத்கர் சார்பில் கொண்டுவரப்பட்டது. உடன் உறுப்பினர் ரோகம் அதை முன்மொழிந்தார், அவை தோற்கடித்தது. ஐந்து பிள்ளைகளில் நால்வரைப் பறிகொடுத்த தகப்பனின் தீர்மானம் அது. இந்த இருவரின் பெயரைச் சொல்லி அரசியல் செய்யும் மண்ணில், தொகுதிக் கணக்குக்காகப் பிள்ளை பெறச் சொல்வது எனக்கு வெட்கமாக இருக்கிறது. டெல்லியிடம் கேட்க வேண்டியதைக் கூட்டாட்சி உரிமையாகக் கேட்போம். புதுமணப் பெண்ணிடம் கேட்க அதில் ஒன்றுமில்லை.

பெறுகிற பிள்ளை எந்தத் தெருவில் பிறக்கும் என்பதையும் பேசுவதில்லை. 2011 கணக்கில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. 39 மக்களவைத் தொகுதிகளில் தனித்தொகுதி 7. இடம் கூடினாலும் குறைந்தாலும் இந்தப் பங்கு எப்படி வெட்டப்படும், நம் தெருக்கள் எந்தத் தொகுதியோடு சேர்த்துச் சிதறடிக்கப்படும் என்று இந்த விவாதத்தில் கேட்பவர்கள் மிகச் சிலர். 2027 கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். தாள் வீட்டுக்கு வரும்போது சேரியில் ஒருவர் விடாமல் பதிவாக வேண்டும். செங்கல் சூளையிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் இருப்பவர்கள் விடுபட்டால், அடுத்த பத்தாண்டுக்கு அவர்களும் 'குறைந்தவர்கள்' ஆவார்கள்.

நீலகிரித் தோழருக்கு இதில் பாதியைத்தான் அன்று சொன்னேன். நான்கு நாள் கழித்து அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். என் திருத்தத்தை அடித்திருந்தார். "தோழர், உங்க வரியிலயும் 'அனுப்பப்பட்டனர்'னுதானே இருக்கு? அனுப்புனவன் எங்க?" என்று ஓரத்தில் குறிப்பு. பிறருக்கு இலக்கணம் சொல்லப் போனவன் செயப்பாட்டு வினைக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தேன்.

அவர் எழுதி அனுப்பிய வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் வெளியிட்டிருக்கிறோம்: 'சிறிமாவோவும் சாஸ்திரியும் என் தாத்தாவை ஐந்தேகால் லட்சத்துக்குள் போட்டார்கள், அவருடைய அக்காவை மூன்று லட்சத்துக்குள் போட்டார்கள். தாத்தா கோத்தகிரியில் இறந்தார். அக்காவுக்குத் தந்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.'